சத்தம் போடாத பிள்ளை

அத்தியாயம் 9

குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போன தம்பி, இன்று காலை தெருமுனையில் வேனை நிறுத்திக்கொண்டு நின்றான். வீட்டு வாசல் வரைக்கும் வரவில்லை. போன வாரம் அவ்வளவு பேச்சு வாங்கிக்கொண்டவன் எந்த முகத்தோடு வருவான்?

அவன் செய்த குற்றம் ஒரே ஒரு வாக்கியம்தான். “அக்கா, பூனைக்குக் காது சரியா கேக்கலையோன்னு தோணுது.” குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கை தவறி ஹார்னை அழுத்திவிட்டானாம். தெருவில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்தது. குழந்தை துள்ளவில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தையின் அப்பா எழுந்துவிட்டார். “என் பொண்ணைச் செவிடுங்கிறியா? வெளிய போடா!” பெண்டாட்டியின் தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை.

பூனை என்பது அந்த அக்காவின் மூன்றரை வயது மகள். பூனை மாதிரி நடப்பாள், பூனை மாதிரி வந்து மடியில் சுருண்டுகொள்வாள். சத்தமே கிடையாது. அதனால் அப்பா வைத்த செல்லப்பெயர்.

அந்த வீட்டில் சத்தமில்லாமல் இருப்பது சாதாரண குணமில்லை, பெரிய பாக்கியம். அப்பாவுக்கு ரொட்டி ஆலையில் ராத்திரி வேலை. விடிந்தபின் தலைமுடியெல்லாம் மாவோடு வருவார், சாப்பிடுவார், படுப்பார். இருப்பதோ ஒரு படுக்கையறை, ஒரு கூடம், நடுவில் அட்டை மாதிரி ஒரு சுவர். இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அங்கே பகல் என்றாலே உஷ்தான். நாற்காலிக் கால்களுக்கு அம்மா துணி சுற்றி வைத்திருந்தாள். குக்கரை அவர் எழுந்த பிறகுதான் வைப்பாள். துணி தைத்துக் கொடுக்கிறவள், பகலெல்லாம் கையூசியோடு உட்கார்ந்திருப்பாள்; அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் தையல் மிஷின் உறையைக் கழற்றுவாள். குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே அந்த வீட்டில் போய்விட்டது. மரத்தரையில் குதிகாலால் இரண்டு தட்டு. அடுத்த நிமிஷம் பூனை வந்து நிற்பாள்.

“உங்க வீட்ல குழந்தை இருக்குன்னே தெரியலையே!” என்று கீழ்வீட்டுக்காரி ஒருமுறை படிக்கட்டில் மறித்துச் சொன்னபோது அம்மாவுக்கு எவ்வளவு பெருமை!

ஒரே ஒரு விஷயம்தான் பொருந்தவில்லை. அத்தனை சமர்த்தான பிள்ளை கதவை மட்டும் டமால் என்று சாத்தும். தட்டை டங்கென்று வைக்கும். அதைச் சேட்டை என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

“மாமா தூங்கிட்டாரா?” என்று வேனின் கதவைத் திறந்துவிட்டபடி கேட்டான் தம்பி.

“படுத்ததும் குறட்டை.”

“எங்க போறேன்னு சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலை.”

“நல்லதாப் போச்சு. பொய் சொன்ன பாவமாவது இல்லை.”

“வாயை மூடிட்டு வண்டியை எடு.”

அவன் பூனைக்கு பெல்ட் மாட்டி, மூக்கைப் பிடித்து ஆட்டினான். அவள் பல் தெரியச் சிரித்தாள். மாமாவைக் கண்டால் அவளுக்கு எப்போதும் கொண்டாட்டம்தான்.

“இங்க பாருக்கா. ஆஸ்பத்திரியில காது நல்லா கேக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னா நேரா வந்து மாமா கால்ல விழறேன். ரெண்டு குட்டு வெச்சாலும் வாங்கிக்கறேன்.”

“விழத்தான் போற, பாரு.”

“விழணும்னுதான் நானும் வேண்டிக்கறேன்” என்றான் அவன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

சின்ன வயதிலிருந்து எலியும் பூனையுமாக வளர்ந்த அக்காவும் தம்பியும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பக்கம் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

அம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. ஆறு மாதம் முன்பு சுகாதார நிலையத்தில் குழந்தையைப் பார்த்தார்களே! பேச்சு வரவில்லையே என்று இவள்தான் கேட்டாள். நர்ஸ் பூனையை இவள் மடியில் உட்காரவைத்து, பின்னாலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தாள். ஆட்டிய போதெல்லாம் பூனை தலையைத் திருப்பினாள். “கூப்பிட்டா வருவாளா?” என்று கேட்டார்கள். “உடனே வருவா” என்றாள் இவள். அதில் பொய் ஏது? “வீட்ல ஒரு பாஷை, வெளியில ஒரு பாஷை. இப்படிப்பட்ட குழந்தைங்களுக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும், காத்திருங்க” என்று அனுப்பிவைத்தார்கள். இவள் காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆளுக்குத்தான் உள்ளே அனுமதி. தம்பி வெளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

பரிசோதனை அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை மாதிரித் துணி. கதவைச் சாத்தியதும் உலகத்தின் சத்தம் மொத்தமும் வெளியே நின்றுவிட்டது. வேறு யாருக்காவது மூச்சு முட்டியிருக்கும். அம்மாவுக்கு வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

காது பரிசோதிக்கும் பெண்ணுக்கு நடுவயது இருக்கும். குழந்தையிடம் முதலில் ஒரு பொம்மையைக் கொடுத்து நட்பாகிவிட்டுத்தான் பெரியவளைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த போனிலிருந்து ஒரு ஆண்குரல் தமிழில் வந்தது.

“வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். அவங்க சொல்றதை உங்களுக்கும், நீங்க சொல்றதை அவங்களுக்கும் அப்படியே சொல்லுவேன். என் பக்கத்திலேருந்து எதையும் சேர்க்கவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

தமிழ்க் குரல் கேட்டதுமே அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது.

குழந்தை பிறந்ததும் காதைப் பார்த்தார்களா என்று முதலில் கேட்டாள் அந்தப் பெண். இல்லை, பூனை ஊரில் பிறந்தவள், ஒன்றரை வயதில்தான் இங்கே வந்தாள் என்றாள் அம்மா. இங்கே பிறக்கிற குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியை விட்டு அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுவோம் என்றாள் அந்தப் பெண். வெளியிலிருந்து வருகிற குழந்தைகள்தான் சில சமயம் விட்டுப்போய்விடுகிறார்கள்.

பிறகு பூனையை அம்மாவின் மடியில் உட்காரவைத்தாள். இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. பக்கத்திலேயே கறுப்புக் கண்ணாடிப் பெட்டி. சத்தம் வரும், குழந்தை அந்தப் பக்கம் திரும்பினால் பெட்டிக்குள் விளக்கு எரிந்து ஒரு கரடி பொம்மை கொட்டு அடிக்கும். அவ்வளவுதான் பரிசோதனை.

இடப்பக்கம் ஒரு மெல்லிய விசில். பூனை திரும்பினாள். கரடி கொட்டடித்தது.

வலப்பக்கம். திரும்பினாள். கரடி.

மறுபடி இடம். திரும்பினாள்.

அம்மாவுக்குச் சிரிப்புப் பொங்கியது. தம்பி காலில் விழும்போது கணவர் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தாள். விழுந்தவனைத் தூக்கிவிட்டு, இன்றைக்கு அவனுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்றுப் பொறுத்து எழுந்து வந்தாள். அம்மாவின் காதுகளில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டாள். “இதுல பாட்டு ஓடும். நீங்க கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா போதும்” என்றது போன்குரல். குழந்தையை மடியிலிருந்து இறக்கி, எதிரே ஒரு குட்டி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

பாட்டு ஓடியது. ஏதோ வயலின். அம்மா கரடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெட்டி இருட்டாகவே இருந்தது. பூனை பொம்மையின் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பித்தான் வந்துவிட்டது. மறுபடி மாட்டினாள். மறுபடி கழற்றினாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் விரல்கள் எதையோ திருகின, பிறகு இன்னும் கொஞ்சம் திருகின. இந்த ஊரில் எதற்கும் இப்படித்தான், எல்லாம் தயார் செய்யவே நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்று அம்மா நினைத்தாள்.

வயலின் முடிந்தது. அந்தப் பெண் வந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

“எப்ப ஆரம்பிப்பாங்க?” என்று அம்மா போனைப் பார்த்துக் கேட்டாள்.

போன்குரல் அதை அந்தப் பெண்ணிடம் சொன்னது. பெண் ஏதோ சொன்னாள். 

“முடிஞ்சிடுச்சும்மா” என்றது போன்குரல்.

“என்ன முடிஞ்சிடுச்சு? கரடி வரவே இல்லையே?”

“அவங்க சொல்றதை அப்படியே சொல்றேன். முதல் தடவை குழந்தை திரும்பினது சத்தத்தைக் கேட்டு இல்லை. சத்தம் வரும்போதெல்லாம் உங்களுக்கே தெரியாம உங்க கை இறுகுது. முட்டி லேசா அந்தப் பக்கம் சாயுது. குழந்தை அதை வெச்சுத் திரும்புது. இது உங்க தப்பில்லை, நிறைய அம்மாக்களுக்கு இப்படி ஆகும். அதனாலதான் உங்க காதை மூடிட்டு மறுபடி பார்த்தாங்க. இந்தத் தடவை ரொம்பப் பெரிய சத்தத்துக்குக்கூட குழந்தை திரும்பலை.”

அம்மா தன் கைகளைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

“அப்ப ஆறு மாசத்துக்கு முன்னாடி?”

“அன்னிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்றாங்க.”

ஆக, பிள்ளைக்குப் பதிலாக இவள் பரீட்சை எழுதியிருக்கிறாள். நன்றாகவே எழுதிப் பாஸும் பண்ணிவிட்டாள்.

அந்தப் பெண் இவள் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து பேசினாள். அடுத்த திங்கட்கிழமை குழந்தையைத் தூங்கவைத்து இன்னொரு பரிசோதனை. எவ்வளவு கேட்கிறது, கேட்கவே இல்லையா என்று அதில் சரியாகத் தெரியும். காதுக்கு மிஷின் வைக்கலாம், ஆபரேஷன் தேவைப்படலாம். எதுவானாலும் சீக்கிரம். பேச்சு வர வேண்டிய வயசு ஓடிக்கொண்டிருக்கிறது.

“ஏற்கெனவே...” என்று தொடங்கிய போன்குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. “ஏற்கெனவே தாமதம்னு சொல்றாங்கம்மா. குழந்தையோட அப்பாவையும் அவசியம் கூட்டிட்டு வரச் சொல்றாங்க.”

அம்மா தலையாட்டினாள். தலையாட்டியதைப் போனில் இருப்பவரால் பார்க்க முடியாது என்று தோன்றவில்லை.

“லைனை வைக்கணும்மா” என்றது குரல். பிறகு தணிந்து, அவசரமாக: “நான் இதைச் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்புறமா எந்திரிங்க.”

தம்பிக்கு அக்காவின் முகமே போதுமானதாக இருந்தது.  குழந்தையை வாங்கிக்கொண்டான். வேனில் ஏறிச் சாவியைப் போட்டவன், வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

“நான் அன்னிக்கு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்க்கா.”

“இருந்திருந்தா?”

அவன் நெற்றியை நிமிர்த்திச் சாவியைத் திருகினான்.

“கைக்குழந்தையா இருக்கறப்ப எப்படிக் கத்துவா தெரியுமாடா?” என்றாள் அம்மா. “ஊரே கூடிடும். இங்க வந்தப்புறம்... அவ வாயைத் திறந்தா போதும், அப்பா தூங்கறார்னு நான் கையை வெச்சு மூடுவேன். மெதுவாத்தான் மூடுவேன். விரலை உதட்டுல வெச்சுக் காட்டுவேன். நாளாக ஆக அவளே நிறுத்திட்டா. நானே நிறுத்த வெச்சுட்டேன்டா. காதுதான் இல்லைன்னா, குரலாவது இருந்திருக்கும் இல்ல?”

“அக்கா, போதும்.”

வண்டி நகர்ந்தது. பூனை ஜன்னலில் ஊதி, படிந்த ஆவியில் விரலால் கோடு போட்டாள்.

ராத்திரியில் தையல் மிஷின் ஓடும்போது பூனை ஓடி வந்து பலகைமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வாள். முகமெல்லாம் விளக்கு போட்டது போல ஆகிவிடும். தைக்க ஆசைப்படுகிறாள், நம்ம தொழில் ரத்தத்தில் இருக்கிறது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். குழந்தைக்குப் பெயர் வைக்க இரண்டு வீட்டாரும் எத்தனை சண்டை போட்டார்கள்! அம்மாவின் அப்பா ஒன்று சொல்ல, மாமியார் ஒன்று சொல்ல, கடைசியில் அம்மா ஆசைப்பட்ட பெயரையே வைத்தார்கள். நல்ல நீளமான, வாய்க்கு இனிக்கிற பெயர். அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சொந்தக்காரிக்கு மட்டும் இன்னும் தெரியாது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்துக்கு எழுந்திருக்கிற மனிதரே இல்லை.

“எங்க போயிருந்தீங்க ரெண்டு பேரும்?”

சாப்பாடு போட்டுவிட்டுச் சொல்லலாம், அவர் கிளம்பும் நேரத்தில் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று படியேறும்போதே கணக்குப் போட்டிருந்தாள். வாய் அதையெல்லாம் கேட்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு. பூனைக்குக் காது கேக்கலைங்க.”

“உன் தம்பி கூட்டிட்டுப் போனானா?”

“ஆமா.”

“அதானே பார்த்தேன்.” அவர் எழுந்தார். “அங்க டெஸ்ட் எடுத்தது யாரு? தமிழ் தெரிஞ்சவங்களா?”

“இல்லை. விசில் சத்தம்தான் வெச்சாங்க...”

“அதான்! விசிலுக்குத் திரும்ப நம்ம பிள்ளை என்ன நாயா? நம்ம பாஷையில, பாசமா கூப்பிடணும். அப்பத்தான் திரும்புவா. அவங்களுக்கு என்ன தெரியும்?”

பூனை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர்களுக்கு முதுகு காட்டியபடி.

அப்பா அவளைக் கூப்பிட்டார். செல்லப்பெயரால் அல்ல, அந்த நீளமான நல்ல பெயரால். முதலில் மெதுவாக, கொஞ்சலாக. பிறகு பேசுகிற குரலில். பிறகு உரக்க.

சிவப்புக் கண்டுக்குப் பக்கத்தில் பச்சைக் கண்டு.

அப்பா கத்தினார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணாடி டம்ளர் அதிரக் கத்தினார். அந்த வீட்டில் பட்டப்பகலில் யாரும் கத்தி அம்மா கேட்டதில்லை. “கண்ணே! அப்பா கூப்பிடறேன்டா! திரும்புடா கண்ணு!”

பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள்.

கீழ்வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. துடைப்பக் கட்டையால் தன் கூரையை, அதாவது இவர்கள் தரையை, கீழிருந்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

பூனை சட்டென்று தலை நிமிர்ந்தாள். நூல்கண்டுகளைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தாள். அம்மாவின் முன்னால் நின்று, ‘கூப்பிட்டியே, என்ன?’ என்பது போல முகத்தைப் பார்த்தாள்.

அம்மா அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்பா இருந்த இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். 

“திங்கக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க” என்றாள் அம்மா. “நீங்களும் வரணுமாம். சீக்கிரம் பார்த்தா மிஷின் வெச்சுக் கேக்க வைக்கலாம்னு...”

“போக வேண்டாம்.”

“என்ன?”

“போக வேண்டாம்னு சொல்றேன்.” அவர் தலை குனிந்தே இருந்தது. “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“போன குளிர்காலத்துலயே தெரியும். நீ கடைக்குப் போயிருந்த. அவ இங்க விளையாடிக்கிட்டு இருந்தா. என் கையிலேருந்து தட்டு அடுக்கு மொத்தமா விழுந்துச்சு. அவ திரும்பலை. நான் வேணும்னே இன்னொரு தட்டை எடுத்து, அவ தலைக்குப் பின்னாடி போட்டுப் பார்த்தேன்.”

அம்மா மனதுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். சுகாதார நிலையத்துக்குப் போனது அந்தக் குளிருக்கு முன்னால் இல்லை. அதற்குப் பின்னால்தான். குழந்தை பாஸாகிவிட்டாள் என்று இவள் சொல்லிச் சிரித்தபோது, இந்த மனிதரும் கூடச் சிரித்தாரே!

“தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“ஆலையில என்கூட மாவு பிசையறவன் சொன்னான். பிள்ளைக்குக் குறை இருக்குன்னு ஆஸ்பத்திரிக்காரங்க எழுதிட்டா, தங்கற அனுமதியைப் புதுப்பிக்க மாட்டாங்களாம். குடும்பத்தோட திருப்பி அனுப்பிடுவாங்களாம். அவனுக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுக்கு அப்படித்தான் ஆச்சாம். இன்னும் கொஞ்ச நாள்ல நமக்குப் புதுப்பிக்கணும். அது வரைக்கும் யாருக்கும் தெரியாம ஓட்டிட்டா, அப்புறம் எந்த டாக்டரை வேணும்னாலும் பார்க்கலாம்னு நெனைச்சேன்.”

“அது நிஜமா?”

“தெரியலை.”

“யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

“யார்கிட்டன்னு கேப்பேன்? கேட்டாலே ஏன் கேக்கறேன்னு தெரிஞ்சிடுமே!” என்றார் அவர். “உன் தம்பி அதை வாய்விட்டுச் சொன்னப்ப அவனைக் கொன்னுடலாம் போல இருந்துச்சு. சுவருக்கும் காது இருக்குன்னு பயம் எனக்கு.”

“சுவருக்கு இருந்து என்னங்க பண்றது?” என்றாள் அம்மா.

அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மாவுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அழ நேரமில்லை என்பதும் தெரிந்தது. தாமதம் என்று சொல்லும்போது அந்தப் போன்குரல் செருமிக்கொண்டது அவள் காதிலேயே நின்றது.

“திருப்பி அனுப்பிட்டா அங்க போய் என்ன பண்ணுவ?” என்றார் அவர். “அந்த ஆபரேஷனுக்கு அங்க நம்மால முடியுமா? இங்க இருந்தாத்தானே ஏதாவது வழி?”

“இங்க இருந்துக்கிட்டே ஒண்ணும் பண்ணாம இருந்தா, எங்க இருந்து என்ன?”

சாயங்காலம் அவர் எழுந்து போய்க் குளித்தார். போட்ட சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவினார். வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவோரம் குந்தி உட்கார்ந்து ஷூவை எடுத்தார்.

அம்மா போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். குரலைத் தழைக்கவில்லை.

“திங்கக்கிழமை காலையில வண்டி வேணும்டா.”

“வரேன்க்கா. இந்தத் தடவை வாசலுக்கே வரேன், மாமா திட்டினாலும் சரி. எத்தனை பேரு?”

அவள் கணவரைப் பார்த்தாள். ஒரு ஷூவின் நாடாவைப் பிடித்தபடி அவர் கை நின்றிருந்தது. தம்பி கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும்.

“ரெண்டு பேரு” என்றாள்.

சொல்லிவிட்டு, போனை வைக்காமல் காத்திருந்தாள். மூணு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் நாடாவை முடிச்சுப் போட்டார். அடுத்த ஷூவை எடுத்தார்.